உபரி ஆட்கள்

சின்னராசு பி.ஏ. பொருளாதாரம் படிக்கக் கிடைத்த உபகாரச் சம்பளம், லெக்சரர் சேஷகிரியின் கையெழுத்தில் தொங்கியது. அந்த சேஷகிரி, 1956 மார்கழியில், கிராமக் கணக்கெடுப்புக்கென்று அவனை அவன் சொந்த ஊரான படாளத்து வயலுக்கே கூட்டிவந்தார். நடவில் குனிந்திருந்த பன்னிரண்டு பெண்களை எண்ணினார். "இதில் நாலு பேர் உபரி. இவர்கள் இல்லாவிட்டாலும் விளைச்சல் குறையாது. புத்தகத்தில் இருக்கிறது, எழுது."

சின்னராசுவுக்குக் காது மடல் கொதித்தது. பன்னிரண்டில் ஒருத்தி அவன் தாய் ரெபேக்காள்.

அவள் நிமிர்ந்தாள். "எந்த நாலுன்னு கையக் காட்டு வாத்தியாரே. இன்னா, காட்ட மாட்டியா? ஏ பொன்னி, இன்னும் ரெண்டு பேர இட்டுகினு வாடி. நாம உபரியாம்!"

நாலு பேரும் வரப்பேறினார்கள். பறித்த நாற்று அன்றைக்கே மண்ணில் இறங்கியாக வேண்டும். பொழுது சாய்ந்தபோது மூன்றிலொரு பங்கு வயல் மொட்டையாகக் கிடந்தது, நாற்று முடிகள் துவண்டன. நிலக்காரர் போட்ட கூச்சலில் வேடந்தாங்கல் பறவைகள் மொத்தமும் கிளம்பி மாமல்லபுரம் கடலில் இறங்கின. அன்று வலை வீசியவர்களுக்குக் கொக்குதான் கிடைத்தது.

குடைநிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த சேஷகிரி அசையவில்லை. "இது விதிவிலக்கு. நாலு என்றே எழுது. இல்லையென்றால் கையெழுத்துக் கிடையாது."

"எழுதறேன் சார்."

சின்னராசு பேனா முனை வளையும்படி அழுத்தி எழுதினான். உபரி ஆட்கள்: ஒன்று. பெயர்: சேஷகிரி, எம்.ஏ. தாளை அவர் மடியில் வீசிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான்.