கல்லில் வெட்ட வேண்டிய வருடம்

மிர்வாரி இறந்த முப்பதாம் நாள். நண்பகலில் சமர்கந்து வீட்டின் சமையலறை வாசலில் நின்றபடி, தம்பி நெரியோ நீட்டிய துண்டுச் சீட்டை அதினோ மூன்றாவது முறையாகப் படித்தாள். அம்மாவின் கல்லறைக் கல்லில் வெட்டுவதற்காக அவன் எழுதியது. பெயர், தகப்பனார் பெயர், கீழே 1927 – 2023.

"இது தப்புடா. அம்மா பொறந்தது முப்பத்தொண்ணுல."

"பாஸ்போர்ட்ல இருபத்தேழுதானே இருக்கு?"

"பாஸ்போர்ட்ல இருக்கிறது பொய். அது உனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? தொண்ணூத்தாறு வயசுன்னு நியூயார்க்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்களுக்கும் அந்த ஆயுசு கிடைக்கட்டும்னு வாழ்த்தினாங்க. இப்போ போய் நாலைக் கழிக்கச் சொல்றியே! அந்தப் பொய்யாலதான் அம்மாவுக்குப் பென்ஷன் நாலு வருஷம் முன்னாடியே வந்துச்சு. கெட்டிக்காரி!" அவன் சிரித்தான். "வியாழக்கிழமை எனக்கு ஃப்ளைட். நாளைக்கே வெட்ட ஆரம்பிக்கணும்."

சீட்டு கல்தச்சர் ஃபர்ஹோதின் சட்டைப் பைக்குள் போனது. அவரையும் விருந்துக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

நீண்ட கூடத்தில் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து இறந்தவளைப் பற்றிப் பேசினார்கள். பெண்கள் சமையலறையிலிருந்து கேட்டார்கள். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு என்ற பேச்சே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியாகப் பேசியவர் மிர்வாரியின் தம்பி அபோஹாய்.

"எங்க அக்காவுக்கு ஆண்டவன் ஆயுசை அள்ளி அள்ளிக் கொடுத்தான்."

அதினோவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்கலாம், இந்த மனிதர் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

"விடேன்டி," என்றாள் பிலாவ் கிளறிக்கொண்டிருந்த சித்தி மகள். "கல்லுக்கு என்ன தெரியப் போகுது?"

"கல்லுக்குத் தெரிய வேணாம். படிக்கிறவனுக்குத் தெரியணும்."

பழத்தின் மீதும் வாசனைத் தழையின் மீதும் இறந்தவளின் ஆன்மாவுக்காகச் சொல்ல வேண்டிய ஆசிகள் முடிந்தன. ஆண்கள் முற்றத்தில் வரிசையாகக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இனி ரொட்டி ஒரு வாய் உள்ளே போகும்வரை யாரும் பேசக் கூடாது. அந்த யூத வீட்டில் வாயாடிக் குழந்தைகள்கூட மீறாத வழக்கம் அது. ரொட்டித் தட்டு அதினோவின் கையில் இருந்தது. அறுபத்தாறு வருடங்களாக வாரம் தவறாமல் அந்த மௌனத்தைப் பார்த்திருக்கிறாள். அதைக்கொண்டு ஏதாவது செய்யலாம் என்பது இன்றுதான் உறைத்தது.

கூடத்துக்குள் போனாள். தட்டைக் கீழே வைக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு வயசு தொண்ணூத்தாறு இல்ல, தொண்ணூத்திரண்டு."

"ம்ம்! ம்ம்!" நெரியோ புருவத்தை உயர்த்தித் தட்டைக் காட்டினான்.

"ஏன்டா முனகறே? இவ்வளவு நேரம் நீங்க பேசினதை நாங்க கேட்கலையா? நாற்பத்திமூணாம் வருஷம். அம்மாவோட அப்பா போர்ல செத்துட்டதாக் கடிதாசு வந்துச்சு. அவங்கம்மா படுத்த படுக்கை. பன்னெண்டு வயசுப் பொண்ணு, பட்டாளத்துக்குக் கோட்டு தைக்கிற பட்டறையில போய், பதினாறுன்னு சொல்லி நின்னா. வேலைக்காரங்களுக்கான ரொட்டி ரேஷன் அட்டை வேற எப்படிக் கிடைக்கும்? மெஷின் மிதிக்குக் கால் எட்டலை. செருப்புக்கு அடியில மரக்கட்டையைக் கட்டிக்கிட்டுத் தைச்சா."

மதகுருவான ரபி தலையைக் குனிந்துகொண்டார். நெரியோ எழப் பார்த்தான். பக்கத்திலிருந்தவர் அவன் முழங்காலை அழுத்தினார்.

"அந்த நாலு வருஷம் ஆண்டவன் கொடுத்தது இல்ல. அவகிட்டேயிருந்து பிடுங்கினது. பிடுங்கினதை வரம்னு கல்லுல வெட்டுவீங்களா? பென்ஷன் சீக்கிரம் வந்துச்சாம்! வந்த பிறகும் பத்து வருஷம் அதே பட்டறைக்குத்தான் போனா. கெட்டிக்காரியாம்!"

அந்தக் கூடத்தில் இந்த வழக்கம் கட்டுப்படுத்தாத ஒரே ஆண் ஃபர்ஹோத். அவர் முஸ்லிம். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்போ நான் எந்த வருஷத்தை வெட்டட்டும், அக்கா?"

நெரியோ அவருடைய சட்டைப் பையை நோக்கி விரலை ஆட்டினான்.

"அந்த ரொட்டியைத் தின்னவர் சொல்லட்டும்," என்று அதினோ தட்டை அபோஹாயின் முன் வைத்துத் துணியை விலக்கினாள்.

கிழவர் ரொட்டியை உடனே தொடவில்லை. பிறகு எடுத்து, ஆசி சொல்லி, பிய்த்து, உப்பில் தொட்டு வாயில் போட்டார். இருக்கிற நாலைந்து பற்களால் மென்றார். மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய ரொட்டி அவர் மடியிலேயே இருந்தது. பன்னிரண்டு ஆண்கள் காத்திருந்தார்கள்.

"முப்பத்தொண்ணு," என்றார் ஃபர்ஹோதைப் பார்த்து. "அவ பட்டறைக்குப் போனப்போ எனக்கு மூணு வயசு. கோட்டுக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வருவா. ரொட்டியில மெஷின் எண்ணெய் வாசம் அடிக்கும். வேணாம்னு அழுவேன். அடிச்சு ஊட்டுவா."

"பின்ன ஏன் மாமா, அள்ளிக் கொடுத்தான்னு பேசினீங்க?"

"எனக்கு எண்பத்திமூணு ஆகுதும்மா. அக்கா தொண்ணூத்தாறு இருந்தான்னா, எனக்கும் இன்னும் பதிமூணு வருஷம் இருக்குமேன்னு..."

அதினோ அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை.

ஃபர்ஹோத் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, சீட்டில் இருபத்தேழை அடித்து முப்பத்தொன்று என்று எழுதினார். எல்லோரும் பார்க்கும்படி ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

ரொட்டி அப்போதுதான் கைமாறி நெரியோவிடம் வந்தது. அவசரமாகக் கடித்து வாயைத் திறந்தான்.

"முதல்ல மென்னு முழுங்குடா," என்றாள் அதினோ. காலித் தட்டை எடுத்துக்கொண்டு, பிலாவ் கொண்டு வரப் போனாள்.