வெட்டாத திட்டு

பேட்டைக்குத் தெற்கே ஒரு செம்மண் மேட்டைப் பிளந்து ரயில் பாதைக்கு வழி வெட்டினார்கள். அந்த மேட்டில் குடியிருந்த பதினோரு குடும்பங்களே அதை வெட்டின. விளவங்கோட்டிலிருந்து ரோடு வேலைக்கு வந்து, வேலை முடிந்தும் ஊர் திரும்பாமல் மலையாள மண்ணிலேயே குடிசை போட்டுத் தங்கிவிட்ட தமிழர்கள்.

மண்வேலைக்காரர்களின் அவசரமே அவர்களைக் கெடுத்தது. முதலில் இடம் ஒழித்துத் தருகிறவர்களுக்கே வேலை என்று கேள்விப்பட்டதும், ஒரே பகலில் தங்கள் குடிசைகளைத் தாங்களே பிரித்தார்கள். ஓலையையும் கம்பையும் வயல்கரையில் அடுக்கிவிட்டு மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். வீடு இழந்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து சென்ட் மனை என்று உத்தரவு இருந்தது அவர்களுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்துக் கணக்கெடுக்க வந்த தாசில்தார் சுந்தரராமன் மேட்டில் ஒரு வீட்டையும் காணவில்லை. 'வேலைக்கு வந்த தெற்கத்திக் கூலிகள். குடியிருப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மனை விஷயம் அந்தக் குடிசைக்காரிகளில் ஒருத்தியான தாசம்மாளின் காதுக்கு எட்டியபோது மேட்டில் நெஞ்சளவு ஆழம் இறங்கியிருந்தது. நடுவில் ஒரு திட்டு மட்டும் வெட்டப்படாமல் நின்றது. பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்று காட்ட, மண் வெட்டுகிறவர்கள் எப்போதும் அப்படி ஒன்றை விட்டு வைப்பார்கள். அதை வைத்துத்தான் ஓவர்சியர் ஆழம் அளப்பார். மழைக்குக் கரையாத இடமாக வேண்டுமென்று தாசம்மாளின் அடுப்படித் தரையை விட்டிருந்தார்கள்.

ஓவர்சியர் பகவதிப்பெருமாள் அளந்து முடித்துத் திட்டைத் தட்டி நிரவச் சொன்னார். தாசம்மாள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்குட்டி. அளந்தாச்சு."

"தாசில்தாரு வந்து பாக்கட்டு ஏமானே. பிறவு தட்டலாம்."

"அவரு வந்து பாக்கதுக்கு இது என்ன சாமி ஆராட்டா?"

"எனக்க அடுப்படி."

கீழே நின்ற அவள் புருஷன் நேசையன் திட்டின் பக்கத்தில் வந்தான். "பிள்ளே, உள்ள வேலையும் போயிரும். இறங்கி வா."

"நீங்க சும்மா இரிங்க. அண்ணைக்கு ஓலைய பிரிக்கும்ப நான் வேண்டாம்னு சொன்னேன். கேட்டியளா?"

அவள் இறங்குவதாக இல்லை. வேலை தடைப்படுகிறது என்று பகவதிப்பெருமாள் ஆளனுப்பினார். மத்தியானம் தாசில்தார் குடையோடு வந்தார்.

"என்ன ரகளை இது? ஒரு ஓலைக்கீத்துகூட இல்லாத எடத்துல வீடு இருந்துதுன்னா நான் நம்பணுமா?"

"நாங்களே பிரிச்சோம் ஏமானே. வேல கிட்டும்னு."

"இதை யார் வேணும்னாலும் சொல்லலாம்."

"சாரே, இவங்க வித்தை எனக்குத் தெரியும்," என்றார் பகவதிப்பெருமாள். "கூலி கூடக் கிட்டும்னு ஆழம் கூட்டிக் காட்டதுக்கு திட்டு மேல புது மண்ணு போட்டுத் தட்டி வச்சிருப்பாங்க. இப்பம் காட்டித் தாறேன்."

பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கித் திட்டின் மேல்விளிம்பைச் சீவினார். புது மண்ணாக இருந்தால் பொலபொலவென்று உதிர்ந்திருக்கும். உதிரவில்லை. வெட்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு, அதன்மேல் ஒரு கறுப்புக் கோடு, மறுபடி சிவப்பு, மறுபடி கறுப்பு என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் புதுச் செம்மண் இட்டுத் தட்டி, சாணியும் சிரட்டைக்கரியும் குழைத்து அவள் மெழுகிய தரை.

தாசில்தார் கிட்டே வந்து குடை நுனியால் கறுப்புக் கோடுகளை எண்ணினார். பதினாலில் தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பத்தொன்பது.

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். "சரி. ஒனக்கு அஞ்சு சென்ட் எழுதறேன். விரலைக் காட்டு."

தாசம்மாள் கையை மூடிக்கொண்டாள். "பாக்கி பத்து வீடு?"

"அதுக்கு அடையாளம் இல்லையே."

"அவங்க வீட்டுத் தரைய நாங்கதான் வெட்டி, சொமந்து, ஒங்க ரயில் கரைக்குக் கொட்டுனோம். பின்ன எங்கேருந்து வரும் அடையாளம்?"

"கெடைக்கறதை வாங்கிண்டு போ."

"எனக்கு ஒத்தைக்கு வேண்டாம்."

அடுத்த குடிசைக்காரி முத்தாரம்மாள் மண்கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். "நவுருட்டி, நானும் ஏறட்டு."

"எடம் எங்க இருக்கு? இது அடுப்படி."

"நெருப்பு கேட்டு தெனம் வருவேன்லா? அப்பம் மட்டும் எடம் இருந்ததோ?"

முத்தாரம்மாளும் ஏறி நெருக்கி உட்கார, மேலே இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள். மற்றவர்கள் மண்வெட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு திட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நேசையன் கடைசியாக உட்கார்ந்தான்.

"வேற ஆளை விட்டுத் தட்டச் சொல்லுமேன்," என்றார் தாசில்தார்.

பகவதிப்பெருமாள் தலையைச் சொறிந்தார். "வேற ஆளுன்னா யாரு சாரே? இங்கேருந்து சாக்கை ஊரு வரைக்கும் மண்ணு வெட்டுதது எல்லாம் இவங்க அண்ணன் தம்பி, மச்சினன்மாருதான். ஒருத்தன் மறிச்சு இருந்தா மத்தவன் மண்வெட்டிய தொட மாட்டான்."

தண்டவாளம் போட அடுத்த மாதம் ஆள் வருவதாக இருந்தது. தாசில்தார் பதினோரு பெயரையும் எழுதினார். ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே தாசம்மாள் விரலை நீட்டினாள். ஆனால் இறங்கவில்லை.

"இன்னும் என்னடி?" என்றார் பகவதிப்பெருமாள்.

"முத்திர வச்ச தாளு வரட்டு."

தாள் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் இருபுறமும் மண் வெட்டினார்கள். திட்டின் மேல் முறை வைத்து இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மண்வேலை ஒப்பந்தக்காரர் இரண்டு முறை வந்து, பார்த்து, வண்டி ஏறினார்.

வந்த தாளில், கிழக்கே மூன்று மைல் தள்ளி, கிணறில்லாத ஒரு சரிவில் இடம் கொடுத்திருந்தார்கள். நேசையன் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையில் கை வைத்தான்.

"எல்லாம் பாறை, பிள்ளே."

"பாறைன்னா என்ன? நமக்கு வெட்டத் தெரியாதா?"

அவள் மண்வெட்டியை எடுத்தாள். பகவதிப்பெருமாளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, திட்டில் முதல் வெட்டைத் தானே போட்டாள்.