பருந்துக்குக் கட்டிய கயிறு

ஏழாவது கயிற்றை அறுக்கும்போதுதான் மருமகனுக்கு வேலை பிடிபட்டது. ஏணியில் நின்றபடி இடது கையால் கயிற்றை இழுத்துப் பிடித்து, காய்கறிக் கத்தியை அடியிலிருந்து கொடுத்தால் ஒரே வெட்டு. கீழே பந்தல்காரர் கம்பும் கையுமாக அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் பின்முற்றத்துச் சுவரோரம் இருந்த ஒரு சாண் நிழலில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முன்னறையில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள்.

முற்றத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக எதற்கு இத்தனை கயிறு என்று அவன் யோசிக்கவில்லை. மாமனார் முப்பத்தைந்து வருடம் மின்சார வாரியத்தில் லைன்மேன். கம்பி இழுத்த கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியாமல், துணி காயப்போட இழுத்துத் தள்ளியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்த மனிதர் அவனிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். வாங்க, சாப்டீங்களா, கிளம்பியாச்சா. வீட்டில் ஒரு வேலையிலும் அவனைக் கைவைக்க விட்டதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குத் திருகாணி முடுக்கத் தெரியும் என்றுகூட அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அவரைக் கேட்காமல் அவர் வீட்டில் அவன் செய்யும் முதல் வேலை இது. அதனாலேயே ஒழுங்காகச் செய்தான். ஒரு கயிறு விடாமல் அறுத்தான்.

பந்தல் நின்றது. முற்றத்தில் முக்கால்வாசிக்கு நிழல் கிடைத்தது. கோழிக்கூண்டு இருந்த கடைசிப் பக்கம் மட்டும் வெறும் வானமாக இருந்தது. நாற்காலி போட இடம் போதாமல் யாரோ கூண்டைத் தள்ளிவைத்ததில் அதன் கதவு திறந்துகொண்டுவிட்டது. ஒரு தாய்க்கோழியும் எட்டுக் குஞ்சுகளும் வெளியே வந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

உள்ளே அத்தை, அதாவது அவன் மாமியார், விடிந்ததிலிருந்து கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, பேசவில்லை, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவன் மனைவிக்கு அதுதான் பயம். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். அம்மாவை இங்கே தனியாக விடக்கூடாது, இறுதிச் சடங்கு முடிந்த மறுநாளே தங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். கோழிகளைப் பக்கத்து வீட்டு டெய்லரம்மாவுக்குக் கொடுத்துவிடலாம். அது அப்பாவுடைய கிறுக்கு, அம்மா பாவம் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தாள் என்றாள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். மருமகனுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அந்த வீட்டில் கேட்காமல் வாயைத் திறக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

தாய்க்கோழி தொண்டை கிழியக் கத்தியது. குஞ்சுகள் சிதறி நாற்காலிகளுக்கு அடியில் ஓடின. மேலேயிருந்து ஒரு பருந்து கல்லாக விழுந்தது. அது மண்ணைத் தொட்டதா என்று பார்ப்பதற்குள் மறுபடி கூரைக்கு மேலே போயிருந்தது, காலில் ஒரு மஞ்சள் குஞ்சோடு. துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று வானத்தைப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு அத்தை வந்தாள். வாசற்படியில் நின்று அவளும் அண்ணாந்தாள். பருந்தைப் பார்க்கவில்லை, கயிறு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"யாரு அறுத்தது?"

அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது. பந்தல்காரர் தன் கம்பைக் கவனமாக ஆராய்ந்தார். மருமகனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் அத்தை. துணி காயப்போடன்னு நினைச்சிட்டேன்."

"ஊருக்கெல்லாம் கண்ணு பாத்துக் கண்ணாடி மாட்டி விடுறீங்க" என்றாள் அத்தை. யாரோ சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். "அது திரும்ப வரும் மாப்பிள்ளை. ஏறுங்க."

மகள் ஓடி வந்தாள். அப்பாவை எடுத்துப்போக மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும், குஞ்சுகளைப் பிடித்து அடைத்தால் போதும், நாளைக்குத்தான் டெய்லரம்மா வாங்கிக்கொள்ளப் போகிறாரே என்றாள். "அப்பாவே இல்ல. இனிமே இதெல்லாம் எதுக்கும்மா?"

"உங்கப்பாவுக்குக் கோழின்னாலே ஆகாது" என்றாள் அத்தை. "செருப்பு இல்லாம முத்தத்துல இறங்க மாட்டாரு. இதுங்க என்னோடது. போன மாசம் பருந்து மூணு குஞ்சத் தூக்கிட்டுப் போச்சு. நான் ரெண்டு நாள் சாப்பிடல. மூணாம் நாள் ஒரு வார்த்த பேசாம ஏணிய எடுத்துட்டு வந்து கட்ட ஆரம்பிச்சாரு."

பெரியப்பா முறையுள்ள ஒருவர், உள்ளே கிடப்பவரை அப்படியே போட்டுவிட்டு இது நல்லாவா இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

"அவரு காத்திருப்பாரு" என்றாள் அத்தை. "பருந்து காத்திருக்காது."

மீதிக் கயிற்று உருண்டை கூண்டுக்குப் பின்னால் இருந்தது. அத்தை ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முழத்துக்கு ஒரு கயிறு, அதற்கு மேல் விட்டால் இறக்கையை மடக்கிக்கொண்டு நுழைந்துவிடும் என்றாள். மருமகன் சுவரில் தன் கையை வைத்து அளந்தான்.

"உங்க முழம் இல்ல. என் முழம். என் கையத்தான் வச்சு அளந்தாரு."

சொல்லிவிட்டு முழங்கையைச் சுவரில் பதித்து விரல்களை நீட்டினாள். அவள் விரல் நுனி தொட்ட இடத்தில் அவன் கரியால் கோடு போட்டான். கை நகர்ந்தது, அடுத்த கோடு. நாலாவது கோட்டில் அத்தை அழ ஆரம்பித்தாள். கையை எடுக்காமல், சத்தமாக, வெகுநேரம் அழுதாள். மகள் வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். மருமகனுக்கும் கண் நிறைந்தது. தன்னிடம் பேசாத அந்த மனிதர் யாரிடமும்தான் பேசவில்லை என்று அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது. அவர்மேல் ஆறு வருடமாக வைத்திருந்த வருத்தம் அந்த ஏணியிலேயே இறங்கிப்போனது.

மூன்று மணிக்கு அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அத்தை இரண்டு கவளம் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை பந்தலைப் பிரித்ததும் மருமகன் மீதி முற்றத்துக்கும் கயிறு கட்டி முடித்தான். அவன் இறங்கி வந்தபோது அறையில் மனைவி அம்மாவின் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு குஞ்சு இருக்கிறது, அதுகள் பெரிதாகட்டும் என்று அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனியாக ராத்திரி ஏதாவது என்றால் யார் இருக்கிறார்கள் என்று மகள் கேட்டாள். பிறகு, "நீங்களாவது சொல்லுங்க" என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"அத்தை இங்கயே இருக்கட்டும்" என்றான் அவன். "நாம வந்து போவோம்."

மனைவி அவனை முறைத்தாள். பிறகு மடித்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள்.

கிளம்பும்போது அத்தை மருமகனை முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவுதான?"

"ஆமா அத்தை."

"தென்பக்கம் ஒரு மூலை விட்டுப்போச்சு. நீங்க வந்தா முடிச்சிடலாம்."

அவன் திரும்பிப் பார்த்தான். தென்பக்கம் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை, முழத்துக்கு ஒன்றாக, ஒரு கயிறு குறையாமல் ஓடியது. மூலையில் இரண்டு முடிச்சு போட்டிருந்தான்.

"ஆமா அத்தை, விட்டுத்தான் போச்சு" என்றான்.