குளோரின் சார் வீட்டுத் தண்ணீர்

ஊருக்கே தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்பியவர் என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முப்பது வருஷம் வேலை. எந்த நேரத்துக்கு எவ்வளவு குளோரின் கலக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் குளோரின் சார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான். டீ, காபியெல்லாம் பிறகு. தம்ளரை நீட்டிவிட்டு, வந்தவர் குடித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "வாசனை ஏதாவது வருதா?" என்று கேட்பார். வராது. எங்கள் வீட்டில் மருந்து நெடி தாங்கவில்லையே என்று வந்தவர் இழுத்தால், அது உங்கள் குழாயின் கோளாறு, தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்துவிடுவார். அந்த நேரங்களில் அவர் மனைவிக்கு மட்டும் எப்போதும் சமையலறையில் அவசர வேலை வந்துவிடும்.

ஓய்வு பெற்ற மறு வாரமே வீட்டுக்குச் சனி பிடித்தது. அலமாரி டப்பாக்களை எல்லாம் அவர் 'முறைப்படி' மாற்றி அடுக்கியதில் குழம்பில் உப்புக்குப் பதில் சர்க்கரை விழுந்தது. இனிமேல் சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று மனைவி உத்தரவு போட்டாள். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். கூடத்தில் குட்டி போட்ட பூனை மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தபோது கண்ணில் பட்டது மீன்தொட்டி.

தொட்டி மகளுடையது. உள்ளே ஒரே ஒரு தங்கமீன். கன்னம் உப்பி, வயிறு தள்ளி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எல்லாரும் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பது போலவே நீந்தும். அதனால் மகள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். முப்பது வருஷம் உழைத்தும் குளோரின் சாருக்கு எட்டாத பதவி அது.

மகள் இப்போது வேலை கிடைத்து வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவாள். அம்மாவிடம் ஆற அமரப் பேசுவாள். அப்பாவின் முறை வரும்போது, சாப்பிட்டீர்களா என்பாள், அவர் சாப்பிட்டேன் என்பார், அதோடு இரண்டு பேருக்கும் சரக்கு தீர்ந்துவிடும். "மேனேஜரக் காட்டுங்கப்பா" என்று அவள் சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்கும். அவர் போனைத் தொட்டிக்கு முன்னால் பிடித்தபடி, அது காலையில் தின்றதையும் தின்னாமல் துப்பியதையும் சொல்வார். அவள் சிரிப்பாள். மகளோடு பேச அந்த மீனை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை. அது அவருக்கே தெரியும்.

தொட்டியைப் பராமரித்தது மனைவி. அவள் செய்கிற விதத்தைப் பார்த்துக் குளோரின் சாருக்கு ரத்தம் கொதித்தது. முந்தின நாளே ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துக் குளியலறை மூலையில் மூடாமல் வைத்துவிடுவாள். மறுநாள் தொட்டியிலிருந்து கால்வாசித் தண்ணீரை மட்டும் எடுப்பாள். பில்டருக்குள் இருக்கும் பஞ்சைக் கழற்றி, எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து, பழுப்பு நிறம் போகாமலேயே திரும்ப மாட்டுவாள். வாளியில் இருந்த பழைய தண்ணீரை ஊற்றினால் வேலை முடிந்தது. அழுக்கை அழுக்கில் கழுவுவது எந்த ஊர் நியாயம் என்று அவர் கேட்டார். பஞ்சில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் கெடாமல் வைப்பதே அவைதான், குழாய்த் தண்ணீர் நேராகப் பட்டால் மருந்தில் செத்துப்போகும் என்று அவள் விளக்கினாள்.

"முப்பது வருஷம் கிருமியக் கொன்னு சோறு தின்னவன் நான். என் வீட்டுக் கூடத்துலயே அதுக்குக் குடித்தனம் வச்சுக் குடுத்திருக்கியா?"

அவள் பில்டரை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள். அவர் பேசப் பேசத் தன் வேலையைப் பார்ப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்த வாரம் அவளுடைய தங்கைக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. இரண்டு நாள் துணைக்கு இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். குடிக்கிற தண்ணீர் பெரிய பாத்திரத்தில் துணி கட்டி வைத்திருக்கிறது, மீனுக்கு ஒரு சிட்டிகைத் தீனி போதும், தொட்டிக்குள் கையை மட்டும் விட வேண்டாம் என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் மண்டையை மண்டையை ஆட்டினார். அவள் தெருமுனை திரும்பியதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதல் காரியமாக, கொசு முட்டையிடும் என்று வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். மேனேஜரை ஒரு பேசினில் மாற்றிவிட்டுத் தொட்டியைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காலி செய்தார். கூழாங்கற்களை அரிசி களைகிற மாதிரி களைந்தார். பஞ்சைக் குழாயடியில் பிடித்து, பழுப்பெல்லாம் போய்ப் பளீரென்று வெளுக்கும்வரை கசக்கினார். பிறகு குழாயிலிருந்து நேராகத் தொட்டியை நிரப்பினார். கண்ணாடி எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. மீனை உள்ளே விட்டு ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். பதிலுக்கு அவள் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். மகளிடமிருந்து அவருக்கு வந்த முதல் இதயம் அது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

சாயங்காலம் மேனேஜர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பசி என்று நினைத்துத் தீனி போட்டார். மறுநாள் காலையில் அது அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் சிவந்திருந்தது.

குளோரின் சார் பழைய ஞாபகத்துக்காக வைத்திருந்த சோதனைக் குழாயை எடுத்து, தொட்டியில் ஊற்றிய அதே குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்தை விட்டார். தண்ணீர் மஞ்சளாயிற்று. வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் இம்மி பிசகவில்லை. தண்ணீர் பாஸ், மீன் பெயில். வாழ்க்கையில் முதல்முறையாக அளவு சரியாக இருப்பது அவருக்கு எரிச்சலாக இருந்தது. வேறு வைத்தியம் தெரியாததால், இன்னும் புதுசாகத் தண்ணீர் மாற்றினார். அதற்குப் பிறகு மேனேஜர் துடுப்பை அசைப்பதையும் நிறுத்திக்கொண்டது.

நாளைக்கு ஞாயிறு. சாப்பிட்டீர்களா என்று கேட்டு முடித்ததும் மகளுக்கு எதைக் காட்டுவது? இந்த மீனும் போய்விட்டால் அப்புறம் அவளும் அவரும் என்ன பேசிக்கொள்வார்கள்? அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். மீன் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"வாளித் தண்ணி இருக்கா?"

"கொட்டிட்டேன்."

"பஞ்சு?"

"வெள்ளையா இருக்கு."

அதற்கு மேல் அவள் விசாரணை நடத்தவில்லை. "பெரிய பாத்திரத்துல துணி கட்டி வச்சிருக்கேன்ல, அந்தத் தண்ணிய வாளில ஊத்தி மேனேஜர அதுல விடுங்க."

"அது நாம குடிக்கறது. அதுவும் அதே குழாய்த் தண்ணிதானே?"

"அதே குழாய்தான். பிடிச்சு ஒரு நாள் அப்படியே விட்டு, நெடியெல்லாம் போனதுக்கப்பறம்தான் குடிக்கக் குடுக்கறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான்."

"எனக்குமா?"

"உங்களுக்காகத்தாங்க. எனக்கு எதுவும் பழகிடும். நீங்கதான் மொத வாரமே ஒரு வாய் குடிச்சிட்டு, என்ன தண்ணி இதுன்னு மூஞ்சியச் சுளிச்சீங்க."

அவர் துணி கட்டிய பெரிய பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். மனைவிக்கோ அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. தொட்டியில் காற்றுக் குமிழி விடும் குழாயை எடுத்து வாளிக்குள் போடச் சொன்னாள். பிறகு மீன் கடைக்குப் போய், அவர்கள் பில்டர் பஞ்சைப் பிழிந்த தண்ணீர் கொஞ்சம் வாங்கி வந்து வெளுத்துப்போன பஞ்சில் ஊற்றச் சொல்லிவிட்டு, தங்கைக்குச் சொட்டு மருந்து விடப் போய்விட்டாள்.

மூடி போட்ட டப்பாவோடு குளோரின் சார் மீன் கடை வாசலில் நின்றார். கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. கடைக்காரர் அசரவில்லை. பஞ்சைக் கழுவிட்டீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு பழைய பஞ்சை எடுத்து டப்பா நிறையப் பிழிந்து கொடுத்தார். கோடிக்கணக்கான கிருமிகளைக் கண் இமைக்காமல் கொன்ற மனிதர், டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வீடு போய்ச் சேரும்வரை அதுகளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே நடந்தார்.

ஞாயிறு காலையில் மேனேஜர் வாளிக்குள் நிமிர்ந்து நின்றிருந்தது. மகள் கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"மேனேஜர நான் கொல்லப் பாத்தேன்மா."

கொசு முட்டையிலிருந்து மீன் கடைவரை ஒன்று விடாமல் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் போனில் அவள் முகமே தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது. கடைசியில் அவர்தான், வேலை ஏதாவது இருக்கப் போகிறது, போனை வை என்றார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். பையைக்கூட இறக்காமல் வாளியை எட்டிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, வெயிலில் வந்தது, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்றாள். பெரிய பாத்திரம் காலி; மேனேஜருக்கு ஊற்றியது போக அடியில் இருந்ததை அவரே குடித்துத் தீர்த்திருந்தார். மேனேஜருக்காக இரண்டு வாளி பிடித்து வைத்தவருக்கு வீட்டு மனுஷர்களுக்கு ஒரு பாத்திரம் பிடித்து வைக்கத் தோன்றவில்லை. வேறு வழியில்லாமல் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். வழக்கம்போல முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் முகம் மாறாமல் குடித்தாள்.

"வாசனை வருதா?"

"வருது," என்றாள் அவள்.

மீதியை அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். அவரைக் கேட்காமலேயே முகம் சுளித்துக்கொண்டது. மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அளவு கரெக்டா இருக்கு," என்றார் குளோரின் சார். பிறகு பெரிய பாத்திரத்தைக் குழாயடியில் வைத்து நிரப்பி, துணியைத் தேடி எடுத்துக் கட்டினார்.