கொளஞ்சியக்காவும் ஆயில் முள்ளும்

என் ஜீப்பில் முன்சீட்டு கிடைத்தவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். கொளஞ்சியக்கா மட்டும் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு வருவார். அங்கே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மீட்டர் இருக்கிறது. என்ஜினுக்குள் ஆயில் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டுவது அது. முள் நடுவில் நின்றால் கவலையில்லை. அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் ஆயில் ஏறவில்லை, வண்டியை அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும் என்று பொருள்.

அக்கா கருவாடு விற்பவர். கள்ளக்குறிச்சியில் சரக்கெடுத்து, கச்சிராயபாளையம் வந்து, என் வண்டியில் கல்வராயன் மலையேறி, பஸ் போகாத ஊர்களில் வாரத்துக்கு மூன்று நாள் விற்பார். மற்ற டிரைவர்கள் அவர் கூடையை ஏற்ற மாட்டார்கள். நாற்றம் சீட்டில் ஒட்டிக்கொள்ளுமாம். நான் ஏற்றுவேன். அந்த ஒரு காரணம் இல்லாவிட்டால், போன ஆடிக்குப் பிறகு அவர் என் வண்டிப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டார்.

ஆடியில் அன்றைக்கு நல்ல மழை. ஒன்பதாவது வளைவில் முள் படுத்தது. "ஏம்பா தீனா, முள்ளு கீழ போய்டுச்சே" என்று அக்காதான் சொன்னார். நான் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினேன். "மீட்டரு பொய் சொல்லுதுக்கா, நீ சும்மா வா" என்று மிதித்தேன். மீட்டர் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. ஆயில் பம்பு போய்விட்டது. பதினொன்றாவது வளைவில் என்ஜின் இறுகி நின்றது. பத்துப் பேரும் மழையில் நடந்தார்கள். அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது கருவாடு மறுபடி மீனாகியிருந்தது என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

என்ஜின் வேலை முடிந்து வண்டி வெளியே வந்தது. ஆயுத பூசையும் முடிந்தது. அதற்கப்புறம் முள் மறுபடி விழ ஆரம்பித்தது. ரோடு நன்றாக இருந்தால் நிற்கும், குலுங்கினால் விழும், சில சமயம் தானாக எழுந்து உட்காரும். இந்தத் தடவை என்ஜினில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் மீட்டர் பொய் சொல்லுகிறது என்று சொல்லும் வாயை நான் ஆடியிலேயே அடகு வைத்துவிட்டேன். முள் படுத்ததும் அக்கா இறங்கிவிடுவார். அவர் நடக்கத் தொடங்கினால் பின்னால் இருக்கும் ஒன்பது பேரும் நடப்பார்கள். மூன்று தடவை இப்படி ஆனது.

ஜீப் ஸ்டாண்டு தலைவர் அய்யனார் என்னைக் கூப்பிட்டார்.

"தீனா, வர்ற ஞாயித்துக்கெழம ஏத்திக்கினு போ. வழியில சனம் எறங்கி நடந்தாங்கன்னு சேதி வந்துச்சுன்னா, மலை ரூட்டு உனக்கு இல்ல. கீழ சோளம், மரவள்ளின்னு லோடு அடிச்சிக்க."

பதினாலு வருடமாக ஓட்டுகிற ரூட். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன்.

என்னால் முடிந்ததை எல்லாம் ஏற்கெனவே செய்திருந்தேன். என்ஜின் பக்கவாட்டில் ஒரு சென்சார் திருகியிருக்கும். அதுதான் அழுத்தத்தைப் பார்த்து மீட்டருக்கு ஒயர் வழியாகச் சொல்வது. மூன்று சென்சார் மாற்றினேன். மீட்டரை மாற்றினேன். புது ஒயர் இழுத்தேன். ஒவ்வொரு சென்சாரைப் போடும்போதும் ஆயில் ஒரு சொட்டுக்கூட கசியக்கூடாது என்று, தண்ணிக்குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை அதன் திருகு மரையில் சுற்றித்தான் திருகினேன். முதல் தடவை மூன்று சுற்று, கடைசியில் ஏழு. ஆடியில் பட்ட அடி அப்படி.

"என்ஜினப் பிரிச்சிடலாம்ணே, வேற வழி இல்ல" என்றான் கள்ளக்குறிச்சி மெக்கானிக் அருள்மொழி.

"நல்லா ஓடுற என்ஜின எதுக்குடா பிரிக்கணும்? மீட்டருதான் பொய்."

வீட்டில், மூலையில் உட்கார்ந்து சோறு கட்டிக்கொண்டிருந்த என் மனைவி ரம்யாவிடம் இதையே சொன்னபோது, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆடிலயும் இதாங்க சொன்னீங்க" என்றாள். வாயால் சொல்லி ஒருவரையும் நம்பவைக்க முடியாது, கண்ணால் காட்டியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அருள்மொழியிடம் ஒயரே இல்லாத மீட்டர் ஒன்று இருந்தது. ஒரு ட்யூபை என்ஜினில் மாட்டினால் ஆயிலே நேராக ஏறி வந்து அதன் முள்ளைத் தள்ளும். அதில் பொய்க்கு இடமில்லை. சென்சார் இருந்த ஓட்டையில் ஒரு பித்தளை இணைப்பைத் திருகி, அதன் ஒரு கிளையில் சென்சாரையும் மறு கிளையில் ட்யூபையும் மாட்டினேன். எல்லா மரைக்கும் டேப் சுற்ற மறக்கவில்லை. ட்யூப் மீட்டரை முன்கண்ணாடியில், அக்காவின் மூக்குக்கு நேராகக் கட்டிவைத்தேன்.

ஞாயிறு காலை அக்கா ஏறினார். புது மீட்டரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னாபா இது, ரெண்டாவது சாமி?"

"இது நேரா ஆயில்லயே ஓடுறதுக்கா. கீழ இருக்குற முள்ளு படுத்தா இதப் பாரு. இது நாப்பதுல நின்னா வண்டி நல்லா இருக்குது."

"நீ கட்டுன மீட்டரு நீ சொல்ற மாதிரிதான் காட்டும்" என்றார்.

எட்டு வளைவு வரை இரண்டு முள்ளும் ஒழுங்காக நின்றன. ஒன்பதாவது வளைவில் ஒரு பள்ளம். வண்டி தூக்கிப்போட்டது. கீழ்முள் அடியில் போய்ப் படுத்தது. மேல்முள் நாற்பத்திரண்டில் அசையாமல் நின்றது. அக்கா கூடையின் மீது கைவைத்தார்.

மிதித்துக்கொண்டு போயிருக்கலாம். மேல்முள் என் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அதே வளைவு, அதே அக்கா. கால் தானாக பிரேக்குக்குப் போனது. ஓரங்கட்டினேன்.

"அக்கா, நடக்கறதா இருந்தா நடந்துக்கோ. ஆனா அஞ்சு நிமிசம் ஒக்காந்து கீழ இருக்குற முள்ளு இன்னா பண்ணுதுன்னு மட்டும் எனக்கு சொல்லு. நான் பானட்டுக்கு முன்னாடி நின்னா எனக்கு அது தெரியாது."

அவர் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார். மற்றவர்கள் அந்தக் காலையே பார்த்தார்கள். பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "அஞ்சு நிமிசம்" என்றார்.

என்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்தேன். சென்சாரின் ஒயரைக் கழற்றி, ஸ்பேனர் பட்டுப் பட்டு இரும்பு தெரிந்த ஒரு போல்ட்டின் தலையில் தொட்டேன்.

"மேல போய் முட்டுதுபா" என்றார் அக்கா.

அப்படியென்றால் மீட்டரும் ஒயரும் சரி. ஒயரை மாட்டினேன். முள் மறுபடி படுத்துவிட்டதாகச் சொன்னார். சென்சாரும் புதிது. பிறகு என்ன எழவுதான் இது? ஆத்திரத்தில் ஸ்பேனரைப் போட்டு சென்சாரை இன்னும் இறுக்கினேன். ஸ்பேனரின் பின்முனை பக்கத்திலிருந்த அதே போல்ட்டில் இடித்தது.

"ஏறிடுச்சு. மேல இருக்குறதும் இதுவும் ஒண்ணா நிக்குது."

ஸ்பேனரை எடுத்தேன்.

"வுழுந்துடுச்சு."

மறுபடி சென்சாரையும் போல்ட்டையும் சேர்த்து வைத்தேன்.

"ஏறிடுச்சு. இன்னாபா பண்ற?"

என்ஜின் ஓரத்தில், பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியாமல் இருந்தன. அதற்கு அடியில் வெள்ளிப் பெயிண்ட். ஆயுத பூசைக்கு முந்தின நாள், ஆடியில் பட்ட பாட்டுக்கு வண்டியை மணப்பெண் மாதிரி ஆக்குகிறேன் என்று, என்ஜின் முழுக்க, சென்சார் ஓட்டையின் மரை உட்பட, என் கையாலேயே அடித்த பெயிண்ட். அதன்மேல் டேப். சென்சாரின் உடம்பு என்ஜின் இரும்பைத் தொட்டால்தான் அதற்கு எர்த், அதாவது கரண்டு திரும்பிப் போகும் வழி, கிடைக்கும். ஸ்பேனர் அந்த வழியைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறது. இரும்புக்கும் அதற்கும் நடுவில் நான் பூசியும் சுற்றியும் சுவர் எழுப்பியிருக்கிறேன். சென்சார் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சுவரை இன்னும் கொஞ்சம் கனமாக்கியிருக்கிறேன்.

என்ஜினை அணைத்தேன். பித்தளை இணைப்பையும் ட்யூப் மீட்டரையும் கழற்றினேன். விரல் சுட்டது. அக்காவின் கருவாட்டுக் கத்தியை வாங்கி ஓட்டையின் பெயிண்டைச் சுரண்டினேன். சென்சாரில் இருந்த டேப்பை நகத்தால் உரித்தேன். அக்கா இறங்கி வந்து பக்கத்தில் நின்று, சுருள் சுருளாக விழுந்த டேப்பைப் பார்த்தார்.

"யாரு சுத்துனது இது? அந்த மெக்கானிக்கா?"

ஆமாம் என்று சொன்னால் அருள்மொழி வந்து மறுக்கப்போவதில்லை.

"நான்தான்க்கா. பெயிண்டும் நான்தான்."

"ஆடில இந்த மாதிரி நிறுத்திப் பாத்திருந்தன்னா, நான் நடந்திருக்க மாட்டேன்."

"ஆமாக்கா. மீட்டரு மேல பழியப் போட்டேன். தப்பு என்னுதுதான்."

இத்தனை மாதமும் நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

சென்சாரை வெறும் மரையோடு திருகினேன். வண்டியைக் கிளப்பியதும் முள் எழுந்து நாற்பதைத் தாண்டி நின்றது. மறுபடி ஒரு பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினேன். அசையவில்லை. முன்கண்ணாடியில் இப்போது ட்யூப் மீட்டர் இல்லை. கீழே இருக்கும் பழைய முள்ளும் என் பேச்சும்தான் பாக்கி.

பதினொன்றாவது வளைவு வந்தது. அக்கா என்ன செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டு, கம்பியில் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்தார். மேலே போய்ச் சேரும் வரை முள்ளை நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.