சேறு உதிர்க்கும் டயர்

துஷாந்துக்கு டயர் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கு லயமே, வரிசை வீடுகள் அத்தனையும், பேசிக்கொண்டது. பேசாமல் என்ன செய்யும்? சோற்றைப் பிசைந்துகொண்டே டயரைப் பற்றிப் பேசுகிறவனை, கோயில் வாசலில் நின்றுகொண்டு போனில் டயர் படம் பார்க்கிறவனை வேறு எப்படிச் சொல்வது? அவனுக்குப் பதுளையில் ஒரு கராஜில் மெக்கானிக் வேலை. கிழமை முழுக்க ஊரார் வண்டிகளுக்கு அடியில் கிடந்துவிட்டு, லீவு நாளில் தன் ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

அந்த ஜீப்பும் லேசுப்பட்டதல்ல. மொனராகலைப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் கோழி அடைக்கிற கூடாகக் கிடந்ததை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தான். கராஜ்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு கை கொடுத்தார்கள். எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தாயிற்று; வில்லுப் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தியாயிற்று; நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கியர் ஒரு மாதம் மக்கர் பண்ணிவிட்டு வழிக்கு வந்தது. மிச்சம் இருந்தது டயர் மட்டும்தான்.

"மாமா, இனி மட் டயர் போட்டுட்டா வேல முடிஞ்சிரும்" என்று ஒரு நாள் போனில் மாமனார் பொன்னையாவிடம் சொல்லிவிட்டான். அங்கேதான் வந்தது வினை. பொன்னையா தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருஷம் கொழுந்து அரைக்கிற ரோதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றவர். காது பாதிதான் கேட்கும். போனை வைத்துவிட்டு மகளிடம் பாய்ந்தார்.

"பாத்தியா ஒம் புருஷன் லட்சணத்த! வண்டிய அப்பிடிச் செஞ்சேன் இப்பிடிச் செஞ்சேன்னு சொல்லிட்டு, கடைசியில மட்ட டயரு போடப் போறானாம். ஏன், நல்ல டயரு கடையில இல்லையாமா? எம் மகள ஏத்துற வண்டிக்கு மட்ட டயரா?"

"அப்பா, அது மட்டமில்லப்பா, மட்டு. சேத்துல ஓடுற டயரு" என்று ஜெயந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்க முடியாத அளவுக்கு வயிறு பெரிசாகியிருந்தது. இருந்தும் சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தபடியால் கிழவர் கோபத்தை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டயர் பைத்தியத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கேலியும் ஓர் அளவோடு நின்றது. மடுல்சீமையில் மேற்கணக்குக்குப் போகிற பாதை வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்தது. கற்பூரமரத்து வளைவில் மட்டும் மேலேயிருந்து மண் சரிந்து சரிந்து கல்லை மூடிவிட்டது. வெயில் காலத்தில் புழுதி, மழை விழுந்தால் செம்மண் சேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஐப்பசி மழையில், ஜெயந்தினிக்கு முதல் பிள்ளைக்கு வலி கண்டது. கூப்பிட்ட வண்டி எதுவும் மேலே வரவில்லை. கொழுந்து லொறியில் சாக்கை விரித்து அவளைப் படுக்கவைத்துக் கொண்டு போனார்கள். லொறி அந்த வளைவில் அச்சு வரைக்கும் புதைந்தது. லயத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் தள்ளினார்கள், கல் போட்டார்கள், சாக்குப் போட்டார்கள். சக்கரம் சுற்றிச் சுற்றி இன்னும் ஆழமாக இறங்கியதே தவிர, வண்டி ஓரடி நகரவில்லை. பிள்ளை லொறியிலேயே பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை.

அன்றிலிருந்து துஷாந்தின் கண்ணுக்குள் அந்தச் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை பதுளை ஆஸ்பத்திரி டொக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வலி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, திங்கட்கிழமை வார்டுக்கு வந்துவிட வேண்டும். மழையோ தொடங்கிவிட்டது. ஓட்டோக்காரர்கள் மேலே வர மாட்டோம் என்று கையை விரித்தாயிற்று. ஆக, திங்கட்கிழமைக்குள் டயர் பூட்டியாக வேண்டும்.

சனிக்கிழமை காலையில் அவன் பதுளை பஸார் வீதி டயர் கடைக்குள் நுழைந்தபோது கையில் ஒரு சொப்பிங் பேக் இருந்தது. கடையை நடத்துகிறவள் நபீலா. வாப்பா இத்ரூஸ் ஹாஜியார் ஓய்ந்து உட்கார்ந்த பிறகு கடை அவள் கைக்கு வந்திருந்தது. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"வாங்க தம்பி. ஒங்களுக்கெண்டே ரெண்டு மாதிரி எடுத்து வெச்சீக்கிறன்" என்றவள், அவன் பையைத் தரையில் கொட்டியதும் பதறிப்போனாள். "அல்லாஹ்வே! இதென்னத்த தம்பி, கடைக்குள்ள சேத்தக் கொண்டு வந்தீக்கிறீங்க?"

"எங்க வளைவுச் சேறு அக்கா. ஆளுக்கு அளவெடுக்காம சட்ட தைக்கிறதில்லயே. இதுவும் அப்பிடித்தான்."

கடையில் நின்ற இரண்டு லொறிக்காரர்கள் சிரித்தார்கள். டயர் வாங்க மண்ணோடு வந்தவனைப் பதுளை அதுவரை பார்த்ததில்லை.

முதல் டயர் அகலமானது. என்ன அழகு! பக்கமெல்லாம் பல் பல்லாக, தடித்து, கறுத்து, போனில் அவன் பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே டயர். அதைப் பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் ஏறினால் மனேஜர் தொரையே பங்களா வாசலுக்கு வந்து பார்ப்பார். இரண்டாவது ஒடுக்கமானது. ரப்பர்க் கட்டைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நின்றன. பல் விழுந்த கிழவனின் வாய் மாதிரி ஓர் அவலட்சணம். துஷாந்தின் மனசு முழுக்க முதலாவதில்தான். அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. தடவித் தடவிப் பார்த்தான்.

"அப்ப அதயே கொண்டு போங்களேன். என்னத்துக்கு இந்தச் சேத்து வேல?" என்றாள் நபீலா.

அவன் குந்தி உட்கார்ந்தான். கை நிறையச் சேற்றை அள்ளி, அகல டயரின் பற்களுக்கு இடையில் அப்பி, பெருவிரலால் அழுத்தினான். பிறகு டயரைத் தூக்கி நிலத்தில் பொத்தென்று போட்டான். சேறு அசையவில்லை. மறுபடியும் போட்டான். அசையவில்லை. பற்கள் இருந்த இடம் தெரியாமல் மொழுமொழுவென்று ஒரே செம்மண். அன்றைக்கு லொறிச் சக்கரம் இருந்த மாதிரியே இருந்தது. அவன் முகம் கறுத்துவிட்டது.

மற்ற டயரிலும் அப்பினான். போட்டான். அகலமான இடைவெளிகளிலிருந்து சேறு கட்டி கட்டியாகக் கழன்று விழுந்தது. கட்டைகளின் கூர் வெளியே தெரிந்தது.

"இதுதான் அக்கா. ஒடுக்கமா இருக்கிறதால சேத்தக் கிழிச்சுக்கிட்டு அடியில இருக்கிற கல்லப் போய்ப் புடிக்கும். ஒட்டுன சேத்தையும் உதறிப்போடும்."

"தார் ரோட்டுல இது கத்தும். மழைக்குள்ள பிரேக் அடிச்சா வழுக்கவும் செய்யும். பொறவு என்னைத் திட்டப்படாது" என்ற நபீலா கொஞ்சம் குரலைத் தணித்தாள். "வூட்ல புள்ளக்கி எப்ப?"

"நாளான்னைக்கு வார்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

அவள் பிறகு கேலி பேசவில்லை. கடைப் பையன்களை விரட்டி அன்றைக்கே நாலு சக்கரத்தையும் பூட்டிக் கொடுத்தாள். சேற்றையும் அவளே தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜீப் மேற்கணக்குக்கு ஏறியபோது வளைவு பாதி காய்ந்திருந்தது. சோதனை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. இரவு முழுக்க மழை ஊற்றியது. திங்கள் விடிந்தபோது பொன்னையா குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு ஜீப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஃபெக்டரி ரோதைகளுக்குக் காவல் நிற்கிற ரோதமுனிக்கு வருஷா வருஷம் பூசை போட்ட கை அவருடையது. சுற்றுகிற எதுவும் ரோதமுனிக்குச் சொந்தம் என்பது அவர் கணக்கு. பூசை போடாத வண்டியில் மகளை ஏற்ற அவர் சம்மதிப்பாரா?

கற்பூரம் கொளுத்தினார். தேங்காய் உடைத்தார். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். "மெதுவா முன்னுக்கு எடுங்க மாப்ள" என்றார். நாலும் நசுங்க வேண்டும். நசுங்கினால் வண்டிக்கு வர இருந்த கெடுதியெல்லாம் அதோடு போயிற்று.

துஷாந்த் எடுத்தான். லயமே குனிந்து பார்த்தது. மூன்று பழம் சப்பென்று நசுங்கிக் கிடந்தன. நாலாவது பழத்தைக் காணவில்லை. ஒரு பொம்பிளைதான் முதலில் கண்டு, "ஐயையோ" என்று வாயைப் பொத்தினாள். முன்சக்கரத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில், ஒரு கீறல் கூட இல்லாமல், பழம் முழுசாகச் சிக்கிக்கொண்டு சக்கரத்தோடு மேலே வந்திருந்தது.

பொன்னையா தட்டோடு குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எறங்குங்க மாப்ள. ரோதமுனி வேணாங்கிறாரு."

"மாமா, டயர்ல இடவெளி அகலம். பழம் அதுக்குள்ள பூந்துருச்சு. வேற ஒண்ணுமில்ல! இன்னொரு பழம் வைங்க."

"சாமிகிட்ட ரெண்டாந்தரம் கேக்கிறதா? எறங்குங்கன்னேன்ல!"

"இறங்கி? நடத்தியா கூட்டிட்டுப் போறது? அந்த இடவெளிக்காகத்தான் மாமா இந்த டயரயே எடுத்தேன்!" அவன் குரல் கிறீச்சிட்டது. சேறு நிற்காத இடைவெளியைத் தேடித் தேடி எடுத்தவன், அதே இடைவெளியே இப்போது குறுக்கே வந்து நிற்கிறதே என்று நொந்துபோனான். எவருக்கு விளக்குவது? கூட்டத்தில் ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கிழக்கே மொனராகலைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு மழை விழுந்தால் இந்த டயருக்கும் அந்த வளைவு அடங்குமோ என்னவோ.

பொன்னையா ஜீப்பின் முன்னால் குறுக்கே நின்றுகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று லொறியில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர் அவர். குளிர்ந்துபோன பேரனைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்து திரும்பியவரும் அவர்தான். அவருக்குப் பயம். பெற்றவன் மனசு பதறாமல் என்ன செய்யும்?

ஜெயந்தினி வாசலில் இருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் துணிப் பை, மறு கை இடுப்பில். சக்கரத்துக்குப் பக்கத்தில் சிரமப்பட்டுக் குனிந்து பழத்தை விரலால் நெம்பி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, கொழுந்து லொறிக்கும் நீங்கதானே பூச போட்டீங்க?"

அவர் தலையாட்டினார்.

"அந்த வருஷமும் நாலு பழமும் நசுங்குச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். நாலும் சப்பையா நசுங்குச்சு. எம் புள்ள பொழச்சுச்சாப்பா?"

கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். ஜெயந்தினியின் குரல் ஏறவுமில்லை, நடுங்கவுமில்லை.

"இதப் பாருங்க. இம்மாம் பெரிய வண்டிக்கு அடியில போயிட்டு ஒரு காயமில்லாம வந்துருக்கு. எனக்கு இப்பிடித்தான்பா போய்ட்டு வரணும். நசுங்கினது போதும்."

பொன்னையா அவளை வெறித்துப் பார்த்தார். வாய் கோணியது. நெற்றி விபூதி கண்ணீரோடு சேர்ந்து வழிந்தது. பூசைத் தட்டைப் பக்கத்தில் நின்ற பொம்பிளையிடம் கொடுத்துவிட்டு, மகள் கையிலிருந்த துணிப் பையை வாங்கிக்கொண்டார். ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறும்மா. பாத்து ஏறு." பின்னால் போய் அவரும் ஏறிக்கொண்டார்.

லயம் தாண்டும்போதே தூறல் விழுந்தது. கற்பூரமரத்து வளைவு தெரிந்ததும் துஷாந்த் நாலு சக்கரக் கியரைப் போட்டான். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. வழக்கமாக அந்த வளைவு வந்தால் ஜெயந்தினி கண்ணை மூடிக்கொள்வாள். கிளினிக்குக்கு நடந்து போகும்போது கூட அந்த இடத்தில் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அவன் கையைப் பிடித்துத்தான் கடப்பாள். இன்றைக்கும் மூடிக்கொண்டாள்.

ஜீப் சேற்றுக்குள் இறங்கியது. ஒரு பக்கம் இழுத்தது. பின்சக்கரம் சுற்றி, மட்காட் எல்லாம் படபடவென்று சேறு தெறித்தது. பொன்னையா "முருகா" என்றார். துஷாந்த் எக்சலேட்டரை மிதிக்கவுமில்லை, விடவுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே வைத்திருந்தான். அடியில் கல்லில் கட்டை கடிக்கிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நேராக ஏறியது. ஏறி, சாதாரணமாக ஓடத் தொடங்கியது.

"தாண்டிட்டமா?" என்றாள் ஜெயந்தினி, கண்ணைத் திறக்காமலே.

"தாண்டியாச்சு."

அவள் கண்ணைத் திறந்தாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பி, பின்பக்கத்தால் அந்த வளைவைப் பார்த்தாள். இரண்டு லொறி வரிசையாக நிற்கிற தூரம் கூட இருக்காது. சிவப்பாக, ஈரமாக, மழையில் கிடந்தது.

"வலிக்குதாம்மா?" என்று பொன்னையா பதறினார்.

"இல்லப்பா." அவள் பார்வையை எடுக்கவில்லை. "இவ்வளவு சின்ன எடமாப்பா அது?"

துஷாந்த் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தார் ரோடு வழுக்கும் என்பதால் வேகத்தைக் குறைத்தான்.