பெண் கேட்டுப் போன பல்கலைக்கழகம்

எங்கள் துணைவேந்தர் டாக்டர் முன்திர் அந்த யோசனையைச் சொன்ன அன்றே நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

நான் நிஹாயா. ஜோர்டான் தலைநகர் அம்மானில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளி இறுதித் தேர்வான தவ்ஜீஹியில் நாட்டிலேயே முதலாவதாக வந்த பிள்ளையை யார் பிடிக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அந்த வருடம் யோகம். போன வருடம் பிடித்தது எங்கள் போட்டிக்காரர்கள். அந்தப் பையன் முகத்தைக் குவைத் வரைக்கும் விளம்பரப் பலகையில் ஏற்றி, முந்நூறு வளைகுடாப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனார்கள். உலகத் தரவரிசையிலும் எங்களைத் தாண்டி ஏறிவிட்டார்கள். இந்த வருடமும் கோட்டை விட்டால் என் பிரிவை இழுத்து மூடிவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வருடம் முதலிடம், கரக் ஊர்ப் பெண் லுஜைன். தொலைபேசியில் பிடித்தேன்.

"மேடம், எனக்கு ம்யூனிக்ல முழு உதவித்தொகையோட இடம் கெடச்சிருக்கு. அப்பாதான் அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு," என்று அழுதாள்.

ஆறுதல் சொல்லிவிட்டு, மனசுக்குள் குத்தாட்டம் போட்டேன். ம்யூனிக் ஒழிந்தது. இனி உள்ளூர்ப் போட்டிக்காரனை முந்தினால் போதும்.

அதற்குத்தான் டாக்டர் 'ஜாஹா' என்கிற தூதுக் கூட்டத்தோடு கிளம்பினார். பெரிய மனிதர்கள் கூட்டமாகப் போய், வைத்த காபியைத் தொடாமல் உட்கார்ந்து வந்த காரியத்தைக் கேட்பார்கள். வீட்டுக்காரர் "குடிங்க" என்றால் சம்மதம். கொலைப் பகைக்குச் சமாதானம் பேசப் போவார்கள், பெண் கேட்கப் போவார்கள். காலேஜுக்கு ஆள் பிடிக்கப் போனவர்கள் நாங்கள் மட்டும்தான். விஷயம் வெளியே கசியக்கூடாது என்று, யார் வருகிறோம், எதற்கு வருகிறோம் என்பதைக்கூட டாக்டர் சொல்லியனுப்பவில்லை. "ஜாஹா வருது", அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இருபத்தெட்டுப் பேராசிரியர்கள் கோட்டு சூட்டோடு போய் இறங்கினார்கள். நான் திரைக்குப் பின்னால், பெண்கள் பக்கம் போனேன். லுஜைன் முகம் வெளுத்துக் கிடந்தது. அவள் அம்மா உம் லைத் அவள் பக்கத்திலேயே இருந்தாள். நான் யார் என்று சொல்வதற்குள் அந்தப் பக்கம் டாக்டர் தொண்டையைக் கனைத்துவிட்டார்.

"அபூ லைத், உங்க குடும்பத்தைப் பத்தி ஊருக்கே தெரியும். உங்க பொண்ணு லுஜைனை எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டு வந்திருக்கோம். கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துப்போம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு குறையும் வராது."

"அஞ்சு வருஷமா?" லுஜைனின் அப்பா அபூ லைத்தின் குரல் எகிறியது. "அப்புறம் என்ன, திருப்பிக் கொண்டாந்து விட்டுருவீங்களா? என் பொண்ணு என்ன வாடகை வண்டியா? அவ படிக்கிற பொண்ணு! கல்யாணம் காட்சின்னு எவனையும் குறுக்க வர விடமாட்டேன். அவ எங்க வேணும்னாலும் போய்ப் படிப்பா. இது என் வாக்கு. டேய், காபியைத் திருப்பி எடுத்துட்டுப் போங்கடா!"

"ஐயையோ, பொண்ணு கேட்டு வரலீங்க!" டாக்டர் பதறினார். "நாங்க யுனிவர்சிட்டி! சீட்டு குடுக்க வந்திருக்கோம்! நிஹாயா, நீயாவது எடுத்துச் சொல்லும்மா!"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ம்யூனிக்கைப் பார்த்தால் அம்மான் கூப்பிடு தூரம். மனிதர் நிம்மதியில் உடனே "குடிங்க" என்றிருப்பார், என் பிரிவும் பிழைத்திருக்கும். டாக்டர் கூப்பிட்ட பெயரை வைத்து, தொலைபேசியில் பேசியவள் நான்தான் என்று தெரிந்துகொண்டாளோ என்னவோ, லுஜைன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவி மகள், அப்படி ஒரு பிடி.

"அபூ லைத்," என்றேன். "எங்க வேணும்னாலும்னு இத்தனை பேர் முன்னால வாக்குக் குடுத்துட்டீங்க. எங்கன்னு பொண்ணையே கேட்டுருங்க."

"ம்யூனிக்!" என்று கத்தினாள் லுஜைன்.

அந்தப் பக்கம் அபூ லைத் சிரிக்கத் தொடங்கினார். "அடப்பாவிங்களா, என் வாயாலேயே என்னை மாட்டிவிட்டுட்டீங்களே!" டாக்டரைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். லுஜைன் என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். பிரிவு போனால் போகட்டும், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கிளம்ப எழுந்தேன். உம் லைத் என்னை இழுத்து உட்காரவைத்தாள்.

"அந்தச் சீட்டு இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு. யாருக்கு?"

"எனக்குத்தான்."

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். தவ்ஜீஹி மதிப்பெண் கேட்டேன்.

"தொண்ணூத்தாறு. அந்த வருஷம் எங்க ஊர்லயே முதல். முடிவு வந்த மறுநாள் இவங்க வீட்டு ஜாஹா வந்துச்சு. எங்கப்பா குடிங்கன்னுட்டாரு."

திரைக்கு இந்தப் பக்கம் அபூ லைத்தின் தலை நீண்டது. "தொண்ணூத்தாறா? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடச் சொல்லலியே நீ?"

"நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலியே," என்றாள் உம் லைத். "மேடம், கையெழுத்து எங்க போடணும்?"